யாருடையது காலிமுகத்திடல்?

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும்போது மாணவர்கள் மிகுதியாகக் கேள்வி எழுப்பும் இடங்களுள் ஒன்று, இந்திரவிழவூரெடுத்த காதை. புகார் நகரத்தின் ஐவகை மன்றங்களை இளங்கோவடிகள் அங்கே வரிசையாகக் காட்டுகிறார். அவற்றுள் ஒன்று வெள்ளிடை மன்றம். பண்டப் பொதிகள் வெட்டவெளியிலே குவிந்து கிடக்கும். வாயில் இல்லை, தாழ் இல்லை, காவலாளரும் இல்லை. களவெடுக்க எவனேனும் துணிந்தால், எடுத்த சுமையோடு அந்த மன்றத்தையே சுற்றிச்சுற்றி அலைவான். இன்னொன்றில் நெடுங்கல் ஒன்று நிற்கிறது. நஞ்சுண்டோரும் பித்தேறியோரும் அதனைச் சுற்றிவந்து தொழுதால் துயர் நீங்குவர். மற்றொன்று பாவை மன்றம். அரசனின் கோல் வளைந்தாலும், அறங்கூறும் அவையின் நீதி பிறழ்ந்தாலும், அங்குள்ள பாவை வாய் திறவாது கண்ணீர் வடிக்கும்.

“சேர், இப்பிடி ஒரு இடம் கொழும்பில இருக்கா?” என்று கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் ஒருநாள் கேட்டான். “இருக்கிறது. காலிமுகத்திடல். கதவும் இல்லை, காவலும் இல்லை. கல் கூட ஒன்று நிற்கிறது” என்றேன். வகுப்பு சிரித்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பின்னர் அந்த விடை என்னை உறுத்தியது. கதவில்லாத இடம் எல்லோருக்கும் திறந்த இடந்தானா? அந்தக் கேள்வியின் பின்னால் போனதன் விளைவே இன்றைய உரை.

திடலின் தொடக்கம் பொதுநலம் அன்று, போர். கோட்டையிலிருந்து தெற்கே காலிக்குச் செல்லும் திசையை நோக்கிய வெளி என்பதாலேயே அப்பெயர் வந்தது எனப் பலரும் கூறுவர். கோட்டைப் பீரங்கிகளின் முன்னே பகைவர் மறைந்துகொள்ள மரமோ மதிலோ இருத்தலாகாது என்பதற்காக வெறுமையாக வைக்கப்பட்ட நிலம் அது. ஆங்கிலேயர் காலத்தில் அதுவே பொழுதுபோக்கு வெளியாயிற்று. 1820களில் அங்கே குதிரைப் பந்தயம் தொடங்கிற்று. 1893இல் பந்தயத்திடல் கறுவாத்தோட்டத்துக்கு மாறும்வரை அது நீடித்தது. 1880இல் கொல்ஃப் ஆட்டமும் வந்து சேர்ந்தது. அருகிலே வெள்ளையருக்கான கழகம் எழுந்தது. 1864இல் தென்கோடியில் ஹோட்டல் திறக்கப்பட்டது.

கடலோரத்து நடைபாதையை அமைத்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். 1856இல் தொடங்கிய வேலை 1859இல் நிறைவெய்தியது. அதன் நினைவாக ஒரு கல்லை நாட்டிய அவர், கொழும்பு நகரத்துப் பெண்மணிகளினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இந்நடைபாதையைத் தமக்குப் பின்வரும் தேசாதிபதிகளின் பொறுப்பில் விடுவதாகப் பொறித்துவைத்தார். அந்தக் கல் இன்றும் அங்கே நிற்கிறது. நான் வகுப்பிலே குறிப்பிட்ட ‘நெடுங்கல்’ இதுதான்.

வார்ட் பெருமகனை வள்ளல் என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. இலங்கைக்கு வருமுன் அயோனியத் தீவுகளில் ஆணையாளராக இருந்தவர் அவர். 1849இல் கெஃபலோனியாவில் எழுந்த கிளர்ச்சியைத் தூக்குமரத்தாலும் கசையடியாலும் அடக்கினார். 1860இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராகப் போய்ச் சேர்ந்து, ஒரு மாதத்துக்குள் கொலரா நோயால் அங்கேயே இறந்தார். அவர் கல்லில் பொறித்த ‘கொழும்பு நகரத்துப் பெண்மணிகள்’ என்ற சொல்லில் கொட்டாஞ்சேனை மீனவப் பெண்ணும் புறக்கோட்டை நாட்டாமைத் தொழிலாளியின் மகளும் அடங்கியிருந்தனரா என்பது ஐயத்துக்குரியது. மாலையில் குதிரை வண்டியில் காற்று வாங்க வந்த துரைமாரின் குடும்பங்களே அன்று அவர் கண்முன் இருந்திருப்பர். ஆயினும் சொல் ஒன்று பொதுவாகப் பொறிக்கப்பட்டுவிட்டால், பொறித்தவரின் எண்ணத்துக்குள் அது அடங்கிக் கிடப்பதில்லை. பின்வந்தோர் நடந்து நடந்து அதன் பொருளை விரித்துவிடுகின்றனர். பந்தயமும் கொல்ஃபும் வேறிடம் போயின. நோன்புப் பெருநாள் தொழுகையும், மே தினக் கூட்டமும், பட்டம் விடும் பிள்ளைகளும், குடையின் கீழ் ஒதுங்கும் காதலரும், இறால் வடை வண்டிகளும் அவ்விடத்தை எடுத்துக்கொண்டன.

ஆனால் அந்தப் பொருள்விரிவு எல்லோருக்கும் ஒரே அளவில் கிட்டவில்லை. தமிழ் வாசகருக்கு 1956 ஜூன் 5ஆம் திகதியை நினைவூட்ட வேண்டியதில்லை. திடலின் வடகோடியில், 1930இல் திறக்கப்பட்ட கட்டடத்திலேயே அன்று பாராளுமன்றம் இருந்தது. சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கும் மசோதா அன்று அங்கே சமர்ப்பிக்கப்பட்டது. தந்தை செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சில நூறு பேர் சத்தியாக்கிரகம் செய்ய வந்தனர். பாராளுமன்றத்தை அணுக முடியாதபடி தடை போடப்பட்டிருந்தமையால், திடலின் புல்லிலே அமர்ந்தனர். கும்பல் அவர்களைத் தாக்கியது. பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றனர் என்பது அங்கிருந்தோர் எழுதிவைத்த சாட்சியம். வட்டுக்கோட்டைத் தொகுதியின் இளம் உறுப்பினர் அமிர்தலிங்கம், இரத்தம் ஒழுகும் தலையில் கட்டுடன் சபைக்குள் சென்றார். அதே ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாக அம்மசோதா நிறைவேறிற்று.

அன்று நடந்ததை மொழியுரிமையின் வரலாறாகவே நாம் படிக்கிறோம். அது ஒரு திடலின் வரலாறுமாகும். வேலி இல்லாத வெளியில், சிலர் உட்கார முடியாதபடி மனிதரே வேலியாகி நின்ற நாள் அது.

அந்த வேலி வெகுகாலம் நின்றது. 1990களில் நான் சிறுவன். ஞாயிறு மாலைகளில் அப்பா என்னைப் பட்டம் விட அழைத்துப்போவார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து நடப்போம். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி குண்டுவெடிப்பு நிகழ்ந்த பிறகு வழியெங்கும் சோதனைச் சாவடிகள். அடையாள அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாகவே அப்பா நடந்து வருவார். புல்லில் கால்வைத்ததும் குனிந்து என் காதில் சொல்வார்: “தம்பி, இஞ்ச என்னை அப்பா எண்டு உரத்துக் கூப்பிடாதை.” பட்டத்தின் நூல் கையிலிருந்து நழுவிய ஒருநாள், அவரைக் கூப்பிட வாயெடுத்து, சொல்லை விழுங்கி, ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் பட்டம் கடலின்மேல் போய்விட்டது. எவரும் எங்களைத் தடுக்கவில்லை. ஆயினும் அந்த இடம் எங்களுடையது என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

இனி, திடல் கைமாறப்போன கதைக்கு வருவோம். 2003ஆம் ஆண்டளவில், நகர அபிவிருத்தி அதிகார சபை இத்திடலைத் தனியார் நிறுவனம் ஒன்றின் கையில் ஒப்படைக்க உடன்படிக்கை செய்தது என்ற செய்தி பத்திரிகையில் வெளிவந்தது. பெரியதொரு கேளிக்கை வளாகம் அமையப்போவதாகக் கூறப்பட்டது. என்விரோன்மென்டல் பவுண்டேசன் என்னும் சுற்றாடல் அமைப்பு, அவ்வுடன்படிக்கையின் பிரதியைத் தருமாறு அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டது. அதிகாரிகள் மறுத்தனர். அவ்வமைப்பு 2004இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தது.

வழக்கின் நுட்பம் கவனிக்கத்தக்கது. அன்றைய அரசியலமைப்பில் தகவல் அறியும் உரிமை என்று ஓர் உறுப்புரை இல்லை. பேச்சுச் சுதந்திரமும் கருத்து வெளியிடும் சுதந்திரமுமே இருந்தன. ஒரு பொது விடயம்பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டுமாயின் முதலில் அதைப்பற்றித் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? ஆகவே பொது அதிகாரம் பெற்றோர் தகவலைத் தகுந்த காரணமின்றி மறைப்பது, கருத்து வெளியிடும் உரிமையையே மறுப்பதாகும் என்று 2005 நவம்பர் 28இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா வழங்கிய தீர்ப்பு அது. அத்தகைய உடன்படிக்கையைச் செய்ய அதிகார சபைக்குத் தத்துவமில்லை என்றும் கூறப்பட்டது. திடல் பிழைத்தது. 2015இல் பத்தொன்பதாம் திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பில் சேர்த்தது. 2016இல் அதற்கான சட்டம் வந்தது. புல்வெளி ஒன்றைப் பற்றிக் கேட்ட கேள்வி, நாடு முழுவதற்கும் உரிய உரிமையின் முன்னோடியாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. ‘இது எங்கள் இடம், இங்கே என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று கேட்க எவரும் இல்லாதிருந்தால், அந்தத் தீர்ப்பும் இல்லை.

கேள்வி எழாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கும் கொழும்பிலேயே சான்று உண்டு. கோட்டையில், இன்றைய ஜனாதிபதி மாளிகையை ஒட்டி, தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டனின் பெயரால் கோர்டன் பூங்கா இருந்தது. அலுவலகத்து எழுதுவினைஞர்கள் மதிய வேளையில் சென்று இளைப்பாறிய பொதுப் பூங்கா. பின்னாளில் அது மாளிகையின் வளவோடு சேர்க்கப்பட்டு, பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இன்று என் மாணவருள் அப்பெயரைக் கேள்விப்பட்டவர் அரிது. மூடிய வாயிலை முதலில் கண்ணும், பின்பு நினைவும் மறந்துவிடுகின்றன.

காலிமுகத்திடலின் பிற்காலக் கதை அண்மையில் நடந்தது. 2009 ஜூன் 3இல் போர் வெற்றி அணிவகுப்பு அங்கே நடந்தபோது, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் பல வீடுகளின் யன்னல்கள் சாத்தியிருந்தன. 2020இன் தொடக்கத்தில், ஆர்ப்பாட்டம் செய்வோருக்கென்று திடலின் ஒரு பகுதியை அரசாங்கமே ஒதுக்கிப் பலகை நாட்டியது. ஈராண்டு கழித்து, 2022 ஏப்ரல் 9இல், அந்த அரசாங்கத்தையே போகச் சொல்லி மக்கள் அவ்விடத்தில் கூடாரமடித்தனர். நூலகம் கூட அங்கே முளைத்தது. மே 9இல் கும்பலொன்று வந்து அவர்களைத் தாக்கியது. செய்தியைக் கேட்டபோது எனக்கு 1956தான் நினைவுக்கு வந்தது. மே 18இல் அதே திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது. வெற்றி அணிவகுப்பு நடந்த இடத்தில், இறந்தோருக்காகச் சிங்கள இளைஞரும் கஞ்சி வாங்கிக் குடித்தனர். அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல நான் துணியேன். ஆனால் அந்தக் கல்லின் சொல் அன்று இன்னும் ஓரடி விரிந்தது என்பேன்.

ஜூலை 14இல் ஜனாதிபதி பதவி விலகினார். ஜூலை 22 அதிகாலையில் படையினர் வந்து கூடாரங்களைக் கலைத்தனர். 2023இல், திடலில் அரசியற் கூட்டங்களுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் இனி இடமில்லை, சமய நிகழ்வுகளுக்கு மாத்திரமே அனுமதி என்று அறிவித்தனர். புல்லைக் காப்பாற்றுவதற்காக என்று காரணம் கூறப்பட்டது. அதிகாரிகளின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. பல்லாயிரம் கால்கள் மிதித்தால் புல் சாகும், குப்பை சேரும், திருத்தச் செலவாகும். வார்ட் நினைத்த பிள்ளைகளும் ஓடி விளையாட இடம் வேண்டும். ஆயினும் எந்தக் கால் மிதிக்கலாம், எந்தக் கால் மிதிக்கலாகாது என்று தெரிந்தெடுக்கும் உரிமை எவரிடம் இருக்கவேண்டும் என்பதே வினா.

வார்ட் இறந்த சென்னையிலும் இதே விவாதம் நடந்ததுண்டு. மெரினாவையும் ஓர் ஆளுநரே, கிராண்ட் டஃப் என்பவர், 1880களில் உலாவும் இடமாக அமைத்தார். 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக அங்கே இளைஞர் திரண்டனர். அதன் பின்னர் அங்கே போராட்டங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டு, வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. பாக்கு நீரிணையின் இருகரையிலும், காற்று வாங்க வருவோரை வரவேற்கும் அதிகாரம், கருத்துச் சொல்ல வருவோரைக் கண்டால் புல்லையும் மணலையும் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடுகிறது.

இதில் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் தனிக் கரிசனை உண்டு. எங்கள் பகுதிகளில் பரந்த பூங்கா என்று சொல்லத்தக்கது இல்லை. கொட்டாஞ்சேனையில் வீடும் கடையும் நெருங்கி நிற்கின்றன. வெள்ளவத்தையில் ஒழுங்கைதோறும் மாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. கடல் இருக்கிறது, ஆனால் இடையிலே புகையிரதப் பாதை குறுக்கிடுகிறது. நான்காம் மாடியில் வளரும் பிள்ளைக்குத் திறந்த வானத்தைக் காட்ட வேண்டுமாயின் பஸ் ஏறித் திடலுக்குத்தான் போகவேண்டும். ஆகவே அங்கே எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவையும் நாம் கவனித்திருப்பது அவசியம். உடன்படிக்கை எது, பொறுப்பு எவரிடம், கட்டணம் எதற்கு என்று கேட்க இன்று சட்டமே இடந்தருகிறது. எழுத்தில் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம்.

அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடையைத் திருத்திச் சொல்லவேண்டியிருந்தது. அடுத்த வகுப்பில் சொன்னேன்: “வெள்ளிடை மன்றத்துக் களவைத் தெய்வம் தண்டித்தது. பாவை மன்றத்துப் பாவை வாய் பேசாது அழுதது. நமது மன்றத்துக்குத் தெய்வக் காவலும் இல்லை, அழும் பாவையும் இல்லை. அங்கே போய் வருகிறவர்கள் வாய் திறந்து கேட்டால்தான் உண்டு.” இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை.

சென்ற மாதம் என் மகளைத் திடலுக்கு அழைத்துப்போனேன். வடக்கே, நான் சிறுவனாக இருந்தபோது கடலாக இருந்த இடத்தில், துறைமுக நகரத்தின் நிலம் தெரிந்தது. காற்றுப் பலமாக இருந்தது. பட்டம் மேலெழுந்ததும் அவள் தூரத்திலிருந்து, திடல் முழுவதும் கேட்கும்படி, “அப்பா!” என்று கத்தினாள். பழைய பழக்கத்தில் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. நானும் அவளை அடக்கவில்லை.