தேனி தொலைதூர வைஃபை வலையமைப்பு

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களுடன் கம்பியில்லாமல் இணைத்த அமைப்பு இது. அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ‘டியர்’ (TIER) ஆய்வுக் குழுவும் இன்டெல் நிறுவனமும் அரவிந்துடன் சேர்ந்து இதை நிறுவின. 2006இல் 5 மையங்கள் இணைக்கப்பட்டிருந்தன. வளரும் நாடுகளுக்கான தொழில்நுட்ப ஆய்வு ஏழை நோயாளியின் வாசல்வரை வந்ததற்கு இது சிறந்த சான்று.

பின்னணி

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். இலவச முகாம்கள் நடத்தியும், கண் குறை உள்ள கிராமத்தாரில் மிகச் சிலரே வருவதை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. பஸ் செலவு, ஒருநாள் கூலி, துணைக்கு ஆள் என எல்லாமே அவர்களுக்குப் பாரம். ஊருக்குப் பக்கத்திலேயே நிரந்தர மையம் வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுத்தது.

செயல்படும் விதம்

மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் ஸ்லிட் லேம்ப் என்னும் கண் பரிசோதனைக் கருவி வழியாகக் கண்ணைப் பார்த்து, விவரங்களைக் கணினியில் பதிவு செய்வார். தேனியிலுள்ள மருத்துவர் அவற்றைப் பார்த்துவிட்டு, வீடியோவில் நோயாளியுடன் பேசுவார். புரை அறுவை போன்ற சிகிச்சை தேவைப்படுவோர் மட்டும் மருத்துவமனைக்குப் போனால் போதும்.

தொழில்நுட்பம்

வைஃபை குறுகிய தூரத்துக்காக உருவானது. அனுப்பிய ஒவ்வொரு தகவல் துண்டும் வந்து சேர்ந்ததா என்று பதில் வரும்வரை அது காத்திருக்கும். தூரம் கூடினால் காத்திருப்பும் நீளும். இரு முனைகளும் ஒரே நேரத்தில் அனுப்பித் தகவல்கள் மோதிக்கொள்வதும் உண்டு. டியர் குழு 2007இல் வெளியிட்ட ‘வைல்ட்நெட்’ முறையில் இரு முனைகளும் முறைவைத்து அனுப்புகின்றன. பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே பதில் போகிறது. தகவல் போகும் வேகம் 2 முதல் 5 மடங்கு உயர்ந்தது. அதே ஆண்டு வெனிசுலாவில் இக்குழுவின் மென்பொருள் 382 கி.மீ. தூர இணைப்பில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது.

பராமரிப்பு

வேகத்தைவிடப் பெரிய சோதனை மின்சாரம்தான். மின்னழுத்தம் திடீரென எகிறியும் குறைந்தும் ரவுட்டர்களைப் பழுதாக்கியது. அவற்றின் நினைவக அட்டைகளில் இருந்த தகவல் சிதைந்தது. ஆய்வாளர்கள் மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் சுற்றையும், செயலிழந்தால் கருவியைத் தானே மீண்டும் இயக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தனர். அரவிந்த் ஊழியர்களுக்கே பழுது கண்டறியும் பயிற்சி அளித்தனர். இந்த அனுபவத்தை 2008இல் தனிக் கட்டுரையாக வெளியிட்டனர்.

வரம்புகள்

இரு ஆன்டெனாக்களுக்கு நடுவே மறைப்பு கூடாது. நீலகிரியின் இத்தலார் போன்ற மலையூர்களில் சரிவுகள் மறைக்குமிடத்தில், முகட்டில் இடைநிலைக் கோபுரம் தேவைப்படும். அதற்கும் மின்சாரமும் பராமரிக்க ஆளும் வேண்டும்.

தாக்கம்

அரவிந்த் இன்று 100க்கும் மேற்பட்ட மையங்களை நடத்துகிறது. தொலைவிலிருந்தே மருத்துவர் ஆலோசனை தரும் முறை அவற்றின் அடித்தளம். வளர்ச்சிக்கான தொழில்நுட்ப ஆய்வுகள் பல, சோதனைக் கட்டத்தோடு நின்றுவிடுகின்றன. தேனியில் நிலைத்ததற்குக் காரணம், கருவியை இயக்கும் பொறுப்பும் திறமையும் உள்ளூர் ஊழியர்களிடம் சேர்ந்ததே. ஆய்வாளர் கிளம்பிய பிறகும் நோயாளிக்குச் சேவை தடையின்றிக் கிடைப்பதே இத்தகைய ஆய்வின் உண்மையான அளவுகோல்.