காத்தாடிக் கை

எங்க வேப்பம்பட்டுல நான் நீச்சல் கத்துக்கிட்டது பம்புசெட்டு கிணத்துல. முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தூக்கிப் போட்டுடுவார். கையை விறைப்பா நீட்டி, தலைக்கு மேல சுத்தி, தண்ணியை அறைஞ்சுக்கிட்டே படிக்கட்டுக்கு வந்து சேரணும். பல வருஷம் கழிச்சு மின்சார ரயில் ஏறி, சென்னையில ஒரு நீச்சல் குளத்துக்குப் போனேன். கோச் விழுந்து விழுந்து சிரிச்சார். "என்னப்பா இது, காத்தாடி மாதிரி? முழங்கையை மடக்கு!"

அந்தச் சிரிப்புக்கு 180 வயசுக்கு மேல ஆச்சுன்னு அப்புறமா படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

1844-ல வட அமெரிக்கப் பழங்குடிக்காரங்க ரெண்டு பேர் லண்டன்ல போட்டி போட்டு நீந்திக் காட்டினாங்க. ஜெயிச்சவர் பேர் ஃப்ளையிங் கல். 130 அடியை 30 செகண்டுல முடிச்சார். கைகளை மாத்தி மாத்தி தண்ணிக்கு வெளியே வீசினதைப் பார்த்து, காற்றாலை இறக்கை மாதிரி இருக்குன்னு வெள்ளைக்காரங்க முகம் சுளிச்சாங்க. தவளை மாதிரி கை ரெண்டும் தண்ணிக்குள்ளேயே போய் வர்ற ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்தான் அவங்களுக்கு நாகரிகம்.

ஆனா கணக்கு வேற. காத்தை விட தண்ணி சுமார் 800 மடங்கு அடர்த்தி. பின்னால தள்ளி முடிச்ச கையை உள்ளேயே முன்னால கொண்டு வந்தா, நம்மளை நாமே பிடிச்சு நிறுத்துற மாதிரி. வெளியே எடுத்து வீசினா அந்தத் தடை இல்லை. ஃப்ரீஸ்டைல்ல 'ரெக்கவரி'ன்னு சொல்றது இதைத்தான்.

1873-ல ட்ரட்ஜன்ங்கிற ஆங்கிலேயர், தென் அமெரிக்காவுல கத்துக்கிட்டு வந்த கைவீச்சை லண்டன்ல காட்டினார். நீச்சலுக்கு அவர் பேரே வந்துடுச்சு. கத்துக் கொடுத்தவங்க பேர் யாருக்கும் தெரியாது! அப்புறம் சாலமன் தீவுல பிறந்த அலிக் விக்காம், சிட்னியில கைவீச்சோட காலையும் மாத்தி மாத்தி அடிச்சு நீந்தினார். இன்னைக்கு இருக்கிற க்ரால் வளர்ந்ததுல அவருக்குப் பெரிய பங்கு. 1922-ல ஜானி வெய்ஸ்முல்லர் க்ரால்லதான் 100 மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சார்.

சரி, கோச் சொன்னது தப்பா? இல்லைங்க. முழங்கையை மடக்கினா கை உடம்பை ஒட்டியே வரும், இடுப்பு ஆடாது, பக்கத்து லேன்காரர் மூக்கும் தப்பிக்கும். ஆனா விறைச்ச கை கேலிக்குரியதும் இல்லை. ஜேனட் எவன்ஸ் காத்தாடிக் கையோடதான் 1988 சியோல் ஒலிம்பிக்ல மூணு தங்கம் வாங்கினார். 1989-ல அவர் வச்ச 800 மீட்டர் சாதனை 2008 வரைக்கும் நின்னுச்சு.

மாமா இப்ப இல்லை. கிணத்தை மூடி மனை போட்டுட்டாங்க. குளத்துல நான் ஒழுங்கா மடக்கித்தான் நீந்துறேன். ஆனா கடைசி ஒரு லேப் மட்டும் மாமா சொல்லிக் கொடுத்த மாதிரி. யார் சிரிச்சாலும் சரி.

உங்க ஊர்ல எப்படிக் கத்துக்கிட்டீங்க மக்களே?