ஜேம்ஸ் பாரியின் அச்சோவியங்கள்

ஜேம்ஸ் பாரி (1741–1806): அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஓவியர். மனித முன்னேற்றத்தை உருவகங்களாக்கிச் செப்புத் தகட்டில் தாமே செதுக்கியவர். அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்கின் ஆதரவில் 1760களின் பிற்பகுதியில் ரோமில் பயின்றார்.

1776இல் அமிலச் செதுக்கலுடன், இங்கிலாந்துக்கு அப்போது புதிதான அக்வாடின்ட் (நிழற்சாயல் தரும் அமிலச் செதுக்கல்) முறையையும் கையாண்டு ‘பீனிக்ஸ்’ என்ற அச்சோவியத்தை வெளியிட்டார். அதில், பிரிட்டனில் சுதந்திரம் மாண்டு கிடக்க, கவிஞர் மில்டனும் தத்துவஞானி லாக்கும் துக்கம் காக்கிறார்கள். நீருக்கு அப்பால், அமெரிக்காவில், சுதந்திரத்துக்குப் புதுக்கோயில் எழுந்திருக்கிறது. தம் பெயரை வெளிப்படையாகப் போடாமலே பாரி இதை வெளியிட்டார்.

அவருடைய தலையாய பணி, லண்டன் அடெல்ஃபியில் கலைக்கழகத்தின் பேரரங்குக்காக 1777இல் தொடங்கிய ஆறு ஓவியங்கள். கழகம் துணியும் வண்ணமும் தந்தது, கூலி கிடையாது. அப்போது அவர் கையில் 16 ஷில்லிங்தான் இருந்தது என்று சொல்லப்படுகிறது. ஆர்ஃபியூஸ் காட்டுவாசிகளுக்குப் பாடுவதில் தொடங்கும் வரிசை, கிரேக்க அறுவடை, ஒலிம்பியப் போட்டி, வணிகம், பரிசளிப்பு எனச் சென்று நல்லோரின் மறுமை உலகான எலிசியத்தில் முடிகிறது. வணிகத்தைக் காட்டும் ‘தேம்ஸின் வெற்றி’யில் கடலோடிகளான டிரேக், ராலே, குக் ஆகியோர் நதித்தெய்வத்தைச் சுமந்து வர, இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி நீர்மகளிரோடு மிதக்கிறார். அக்காலத்தார் சிரித்தார்கள். ஆயினும் கடலோடிகள் நடுவே இசைக்கும் இடம் வேண்டும் என்ற பாரியின் பிடிவாதம் அழகானது. எலிசியத்தில் நியூட்டனுக்கும் கலிலியோவுக்கும் தேவதூதர் விண்வெளி அமைப்பைத் திறந்து காட்டுகிறார். கீழே நரகில் போர்வீரன், கருமி ஆகியோருடன் பதவி வேட்கையாளனும் பாம்புகளால் கட்டுண்டு விழுகிறான். அறிவு வேட்கைக்கு மேலுலகம், பதவி வேட்கைக்குப் பாதாளம் என்று ஒரே படத்தில் பாரி பிரித்துவிட்டார்.

இந்த ஓவியங்களை வேறு செதுக்குநரிடம் ஒப்படைக்காமல் தாமே தகடுகளில் பெயர்த்து 1792இல் வெளியிட்டார். கோடுகள் கரடுமுரடானவை, கருமை அடர்ந்தவை. மெருகேறிய தொழில்முறைச் செதுக்கலில் இல்லாத வலிமை அவற்றில் உண்டு. தகடுகளைத் திரும்பத் திரும்பத் திருத்தியதால், படிகளின் காலவரிசை குறித்து ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. மில்டனின் காவியத்தை ஒட்டிச் சாத்தான் உருவங்களையும் செதுக்கினார்.

1799இல், அடெல்ஃபிக் கழகத்திலிருந்து வேறான அரச கலைக்கழகம் (ராயல் அகாடமி) அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. மறைவுக்குப் பின் 1808இல் தகடுகள் மீண்டும் அச்சேறின.

அடெல்ஃபித் தொடரில் கத்தோலிக்கப் பொருள் மறைந்திருக்கிறது என்பது கலை வரலாற்றாசிரியர் வில்லியம் பிரெஸ்லியின் வாதம். ஏற்போரும் ஐயுறுவோரும் உளர். 2005இல் கார்க் நகரில் பாரியின் படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடந்தது.