கெய்க்வாட் வாடாவில் ஒரு பந்தி

1890 அக்டோபரில் புணே நகரத்துக் கிறித்தவ மிஷன் ஒன்றில் கூட்டம் நடந்தது. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். சீர்திருத்தவாதி ரானடேயும் பாலகங்காதர திலகரும் வந்தவர்களில் இருந்தார்கள். பெயர்ப் பட்டியல் பத்திரிகையில் வெளியானதும் வைதிகர்கள் கொதித்தெழுந்தனர். வழக்கு சங்கராச்சாரியார் வரை போனது. தாம் காசியில் பிராயச்சித்தம் செய்துகொண்டுவிட்டதாகத் திலகர் விடை சொன்னார்.

அடுத்த மாதமே, அதே ஊரில் சமூக சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே காலமானார். திலகருக்கு அவர் வட்டத்தின் கடன் உண்டு. 1882இல் கொல்ஹாபூர் அவதூறு வழக்கில் திலகரும் அவருடைய தோழர் அகர்கரும் சிக்கியபோது 10,000 ரூபாய்க்கு ஜாமீன் நின்ற ராமசேட் உரவணே, புலேயின் நண்பர்.

திலகரின் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1908இல் ஆறாண்டுத் தண்டனை பெற்று மாண்டலே சிறைக்குப் போனவர் அவர். வ.உ.சி. அவரைத் தம் அரசியல் குருவாகவே கொண்டிருந்தார். ஆனால் சுயராஜ்யம் பிறப்புரிமை என்று முழங்கிய அதே மனிதர், பிறப்பால் வந்த இழிவைத் துடைக்கும் வேலையில் எங்கே நின்றார் என்று கேட்காமல் அவரை வணங்க என்னால் இயலாது.

1891இல் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் மசோதாவை அவர் எதிர்த்தார். அந்நிய அரசு நம் வழக்கங்களில் தலையிடலாகாது என்பது அவர் வாதம். வேத முறைச் சடங்கு யாருக்கு உரியது என்ற வேதோக்தச் சச்சரவில், தமக்கு வேத மந்திரம் ஓத வேண்டும் என்ற கொல்ஹாபூர் சாகு மகாராஜாவுக்கு எதிராகத் தம் ‘கேசரி’ இதழில் எழுதினார். 1918 மார்ச்சில் மும்பையில் நடந்த தீண்டாமை ஒழிப்பு மாநாட்டில், தீண்டாமையைப் பொறுத்துக்கொள்ளும் கடவுளைக் கடவுளாகவே ஏற்கமாட்டேன் என்று பேசினார். அரங்கம் நெகிழ்ந்திருக்கும். ஆனால் சொந்த வாழ்வில் தீண்டாமையைக் கைவிடுவதாக உறுதிமொழித் தாள் நீட்டப்பட்டபோது அவர் கையொப்பமிடவில்லை. மேடையில் கடவுளையே துறக்கத் துணிந்தவருக்குத் தம் வீட்டுப் பந்தியின் வரிசையைக் கலைக்க மனம் வரவில்லை. 1920 ஜனவரியில் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, காசு கொடுத்துப் போடச் சொன்ன விளம்பரத்தைக்கூட ‘கேசரி’ மறுத்தது. அப்போது திலகர் உயிரோடு இருந்தார்.

காலம் அப்படி என்பார்கள். அதே புணேயில் 1848இலேயே புலே பெண்களுக்குப் பள்ளி திறந்துவிட்டார். ‘கேசரி’யின் முதல் ஆசிரியரான அகர்கர் சமூக சீர்திருத்தத்துக்காகத் திலகரைப் பிரிந்து, 1888இல் ‘சுதாரக்’ இதழைத் தொடங்கினார். வேறு வழி திலகரின் கண்ணெதிரே, அவருடைய அலுவலகத்திலிருந்தே புறப்பட்டது. காலத்தின் மேல் பழியைப் போடுவது அந்தக் காலத்திலேயே துணிந்து நின்றவர்களுக்கு நாம் செய்யும் அநீதி.

திலகரை அளக்க நமக்கு வெளியிலிருந்து அளவுகோல் வேண்டாம் என்பதற்கு அவர் மகன் ஸ்ரீதரபந்த் சான்று. திலகர் மறைந்து எட்டாண்டுகள் கழித்து, 1928 ஏப்ரலில், அம்பேத்கரின் சமதா சங்கத்துக்குத் திலகரின் இல்லமான கெய்க்வாட் வாடாவிலேயே கிளை தொடங்கினார் அவர். அம்பேத்கர் வந்தார். ‘கேசரி’ அறங்காவலர்களின் எதிர்ப்பையும் மீறி அந்த வீட்டில் சமபந்தி நடந்தது. மிஷன் வீட்டுத் தேநீருக்குத் தந்தை கழுவாய் தேடினார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோரை மகன் தம் வீட்டுக்கே அழைத்து உடன் அமர்ந்து உண்டார்.

அறங்காவலர்களோடு மூண்ட பூசலில் மனம் நொந்து, 1928 மே 25 அன்று ஸ்ரீதரபந்த் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இறக்குமுன் அவர் எழுதிய கடிதங்களில் ஒன்று அம்பேத்கருக்கு. தந்தைக்கு வழங்கிய லோகமான்யர் என்ற பட்டம் யாருக்காவது பொருந்துமென்றால் அது ஸ்ரீதரபந்துக்குத்தான் என்று அம்பேத்கர் எழுதினார்.