பண்ணையாள், தோழர், மணியம்மை

மிராசுதார்களின், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களின், வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு உழைத்த ஆண், பெண் இருவரையும் கீழத்தஞ்சை 'பண்ணையாள்' என்ற ஒரே சொல்லால் குறித்தது. ஆயினும் நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுதும் குனிந்த பெண்ணுக்கு அளந்த கூலிநெல் ஆணுக்கு அளந்ததினும் குறைவாகவே இருந்தது. இருபாலுக்கும் பொதுவான 'அவர்' என்னும் மரியாதைப் பன்மையோ மிராசுதார் வீட்டுத் திண்ணையைத் தாண்டிப் பண்ணையாட்கள் வாழ்ந்த சேரிக்குள் வரவில்லை. வயது முதிர்ந்தோரும் 'வாடா', 'போடி' என்றே விளிக்கப்பட்டனர்.

இவ்வமைப்பை உள்ளிருந்தே எதிர்த்தவர் மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளமையிலேயே கைம்பெண்ணான அவர், ஊர் வழக்கப்படி மழித்த தலையும் நார்மடிப் புடவையுமாக வீட்டுக்குள் முடங்காமல், குடும்ப நிலத்தின் பொறுப்பை ஏற்று, பண்ணையாட்களின் நிலையை நேரில் அறிந்து, காங்கிரசிலும் பின்னர்க் கம்யூனிஸ்ட் இயக்கத்திலும் சேர்ந்தார். கிராப்பும் வேட்டியும் சட்டையுமாக ஊர் ஊராகச் சென்று, சிலம்பமும் கற்று, விவசாயத் தொழிலாளரைத் திரட்டினார். 1943 முதல் பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய விவசாயிகள் சங்கம் சவுக்கடியையும், சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனையையும் எதிர்த்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வழங்கிய 'தோழர்' என்ற விளியும் சேரிக்கு வந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், மிராசுதார்கள் தம் விருப்பப்படி பண்ணையாட்களை வேலையை விட்டு விலக்குவதைத் தடுத்தது. மறு ஆண்டே மணியம்மை மான் முட்டி இறந்தார்.

இதே கீழத்தஞ்சையில் 1968-இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிப் படுகொலையைப் பின்புலமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975), டெல்லியிலிருந்து வந்த இரு ஆண்களை மையத்தில் நிறுத்தியது. டெல்டா உழவுத் தொழிலாளரைப் பற்றிச் 'சேற்றில் மனிதர்கள்' எழுதிய ராஜம் கிருஷ்ணனோ, மணியம்மையை அறிந்தவர்களைத் தேடிச் செய்தி திரட்டி, 1991-இல் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலில் அவரையே நாயகியாக்கினார்.

பண்ணையாள் என்ற பொதுச்சொல் கூலி மரக்காலைச் சமமாக்கவில்லை. தோழர் என்ற பொதுச்சொல்லுக்குப் பொருள் தந்தது அதன் பின்னிருந்த சங்கம். ஆயினும் பொதுப்பெயருக்குள் எந்தப் பெண் என்ன செய்தார் என்பது தெரியாமற் போவதும் எளிது; மறைந்து முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மணியம்மைக்கு அவருடைய தனி வாழ்வை மீட்டுத் தந்தது ஒரு பெண் எழுதிய நாவல்.