காசிச்செட்டி, சைமன் (1807–1860)

இலங்கைத் தமிழ் அறிஞர்; கற்பிட்டி முதலியார், புத்தளத்து மணியகாரர், சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி, சிலாபத்து மாவட்ட நீதிபதி. 1807 மார்ச் 21இல் மன்னார் வளைகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள கற்பிட்டியில் பிறந்தார். 1834இல் வெளிவந்த ‘சிலோன் கசற்றியர்’, 1859இல் வெளிவந்த ‘தமிழ் புளூராக்’ ஆகிய ஆங்கில நூல்களால் அறியப்படுகிறார். இரண்டாவதே பெரும்பாலும் பேசப்படுகிறது. முதலாவதே பெரிய சாதனை.

குடும்பமும் குலமும். காசிச்செட்டி குடும்பம் கொழும்புச் செட்டிகள் எனப்படும் தமிழ் வணிகக் குலத்தைச் சேர்ந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் இந்தியக் கரையிலிருந்து வந்து குடியேறிய இவர்கள், கிறிஸ்தவப் பெயரை முன்னும் செட்டிப் பட்டத்தைப் பின்னும் வைத்துக்கொண்டார்கள். துணி, அரிசி, முத்து வணிகத்தில் சேர்ந்த செல்வம் நிலமாகவும் அரசாங்கப் பதவியாகவும் மாறியது. ஆளுபவர்களின் மொழி தெரிந்த குடும்பத்துக்கே கச்சேரியின் (அரசாங்க அலுவலகத்தின்) வாசல் திறந்தது. ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தபோது (கற்பிட்டிக் கோட்டை 1795இல் கைமாறியது) இக்குடும்பங்கள் மொழியை மாற்றிக்கொண்டன; பதவிகள் கைவிட்டுப் போகவில்லை. சைமனுக்குத் தமிழோடு சிங்களம், போர்த்துக்கேயம், டச்சு, ஆங்கிலம் ஆகியவை வசப்பட்டன. வடமொழியிலும் பயிற்சி உண்டு. பதினேழு வயதில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, பின்னர் முதலியாராகவும் மணியகாரராகவும் உயர்ந்தார்.

பதவியின் தன்மை. மணியகாரர் ஒரு பற்றின் (நிர்வாகப் பிரிவின்) வரி, வழக்கு, ஊழியம் மூன்றையும் கவனிக்கும் தலைவர். உடையார், விதானைமார் அவருக்குக் கீழ். கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைக்குப் பின், 1832இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்கும் அதிகாரம் தலைமைக்காரரிடமிருந்து போய்விட்டது. எந்த ஊரில் எத்தனை குடி, எந்தக் குளம் உடைந்து கிடக்கிறது, எந்தச் சாதிக்கு எந்த வழக்கம் என்று சொல்லத் தெரிந்தவரே அதன்பின் அரசாங்கத்துக்கு வேண்டியவர். அந்த மாற்றம் நடந்து இரண்டு ஆண்டுகளில் கசற்றியர் அச்சேறியது தற்செயல் அல்ல.

சிலோன் கசற்றியர். இருபத்தேழாவது வயதில் காசிச்செட்டி எழுதி, கோட்டே திருச்சபை மிஷன் அச்சகத்தில் அச்சான இந்நூல், இலங்கையின் மாகாணங்கள், பட்டினங்கள், முக்கிய ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள், ஏரிகள் ஆகியவற்றை அகரவரிசையில் விவரிக்கிறது. அதற்கு முன் இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பெரும்பாலும் வந்து போன பாதிரிமாரும் படை அதிகாரிகளும். ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் முழுத்தீவையும் இப்படி ஒழுங்குபடுத்தியது புதிது.

நூல் எழுந்த காலத்து மன்னார்க் கரையை இன்றைய வரைபடத்தைக் கொண்டு கற்பனை செய்ய முடியாது. கற்பிட்டி, புத்தளம், அரிப்பு, மன்னார் என்று நீளும் கரை அன்று ஒரே கடல்வழி. புத்தளத்து உப்பு அரசாங்கத்தின் தனியுரிமை. அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் எதிரே முத்துப் பார்கள். சலாபம் (முத்துக்குளிப்பு) கூடும் பருவத்தில் வெறும் மணற்கரையில் பல்லாயிரம் பேர் கொண்ட கொட்டில் நகரம் எழுந்து, சில வாரங்களில் மறைந்துவிடும். அதைப் பார்வையிடவே தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பில் மாளிகை கட்டினார். அதன் இடிபாடுகளைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. உள்நாட்டில் மாந்தையின் பழைய துறைமுகமும் கட்டுக்கரைக்குளமும் அப்போது பாழ்பட்டுக் கிடந்தன. 1833இன் மாகாணப் பிரிப்பு புத்தளத்தை மேல் மாகாணத்திலும் மன்னாரை வட மாகாணத்திலும் வைத்தது. 1845இல் புத்தளம், சிலாபம் புதிய வடமேல் மாகாணத்துக்குப் போயின. கடலோடிகளுக்கு அந்த எல்லைகளால் வேறுபாடு ஏதுமில்லை.

பரவர் ஆய்வு. சாதிகளை வகைப்படுத்துவதில் காசிச்செட்டிக்கு இருந்த ஈடுபாடு தனித்துக் குறிக்கத்தக்கது. 1837இல் லண்டன் றோயல் ஏசியாட்டிக் சொசைற்றியின் சஞ்சிகையில் பரவரின் தோற்றமும் வரலாறும் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. தூத்துக்குடி முதல் மன்னார் வரை வளைகுடாவின் இரு கரையிலும் வாழ்ந்த அச்சமூகத்தைத் தொழில் அடிப்படையில் அவர் பகுக்கும் முறை கூர்மையானது. துணி வணிகர் ஒரு வகுப்பு, கப்பலோட்டிகள் இன்னொன்று. முத்துக் குளிப்பவர், சங்கு குளிப்பவர், பவளம் எடுப்பவர் ஆகிய மூவரும் தனித்தனி. ஆமை பிடிப்பவர், சுறாவும் மற்ற மீனும் பிடிப்பவர், நண்டு பிடிப்பவர், பல்லக்குத் தூக்குவோர், சாதித்தலைவனுக்குப் பணிவிடை செய்யும் சேவகர் என்று அது இறங்கிச் செல்கிறது. மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்கும் மூவரையும் ஒரே கூட்டமாகப் பார்க்காமல், எடுக்கும் பொருளைக் கொண்டு பிரித்தது சமூகத்தின் உள்ளிருந்து கேட்டறிந்தவர் செய்யக்கூடியது. இதற்கு நேர்மாறாக, பரவர் அயோத்தியிலிருந்து வந்தவர்கள், பாரதப் போருக்கு முன் யமுனைக் கரையில் இருந்தவர்கள் என்ற மரபுக் கதையையும் அவர் மறுக்காமல் பதிந்தார். அது குலப்பெருமைக் கதையே, வரலாறு ஆகாது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தம் தென்னிந்தியச் சாதிகள் தொகுப்பில் பரவரைப் பற்றி எழுதும்போது காசிச்செட்டியையே விரிவாக எடுத்தாண்டார். அந்தக் கதைக்கு ஆயுள் நீண்டதற்கு அதுவும் காரணம்.

தமிழர் சாதிகள், வழக்கங்கள், இலக்கியம் பற்றி அவர் எழுதியவை 1934இல்தான் தனி நூலாயின. 1845இல் தொடங்கிய சொசைற்றியின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலும் எழுதினார். அவற்றுள் சீறாப்புராணம் பற்றிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. கீழக்கரைச் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் தொடங்கிய இந்த இஸ்லாமியக் காப்பியத்தை, எதிர்க்கரையின் கிறிஸ்தவ முதலியார் ஒருவர் ஆங்கிலம் படிப்போர் முன் வைத்தார். முசலி, எருக்கலம்பிட்டி, புத்தளம் முஸ்லிம்களோடு அன்றாடம் பழகிய கரையில் அது வியப்பல்ல.

சட்டநிரூபண சபையில். 1833இல் அமைந்த சபையில் 15 உறுப்பினர். ஒன்பது பேர் அதிகாரிகள், ஆறு பேர் உத்தியோகப்பற்றற்றோர். அந்த ஆறில் மூன்று ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவர். தேர்தல் கிடையாது, தேசாதிபதியின் நியமனமே. தமிழர் ஆசனத்தில் முதலில் அமர்ந்த குமாரசுவாமி முதலியார் 1836இல் இறந்தபின், 1838இல் காசிச்செட்டி நியமனம் பெற்று 1845 வரை இருந்தார். அந்த ஏழு ஆண்டுகளில் மன்னார்க் கரையில் ஒரு முத்துச் சலாபமும் கூடவில்லை. 1837க்குப் பின் பார்களில் சிப்பி வற்றி, 1855இல்தான் மீண்டும் குளிப்பு நடந்தது. காணிக்கும் அது திருப்புமுனைக் காலம்: காடும் தரிசும் சேனைப் பயிர் நிலமும் முடிக்குரியன என்று கொள்ள வழிசெய்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இச்சபையில் நிறைவேறியது. உறுதி எழுதிய காணி வைத்திருந்த முதலியார் குடும்பங்களுக்கு அதனால் பெரிய இடர் இல்லை. சேனை வெட்டிப் பிழைத்தவனுக்கே அடி.

அந்த ஆசனம் பிற்பாடு ஏறக்குறைய ஒரு குடும்பச் சொத்தானது. குமாரசுவாமி முதலியாரின் மகன் சேர் முத்துக்குமாரசுவாமி 1879 வரையும், அவருடைய மருமகன் பொன்னம்பலம் இராமநாதன் 1892 வரையும், பின்னர் இராமநாதனின் தமையன் பொ. குமாரசுவாமியும் அதில் அமர்ந்தனர். கற்பிட்டிச் செட்டி குடும்பத்துக்கு அந்தத் தொடர்ச்சி வாய்க்கவில்லை. காசிச்செட்டி சபையை விட்டுச் சிவில் சேவையில் சேர்ந்து, நீதிபதியாகச் சிலாபத்தில் பணியாற்றினார்.

இதழும் புலவர் வரலாறும். 1841இல் ‘உதயாதித்தன்’ என்ற தமிழ் மாத இதழை நடத்தினார். அதே ஆண்டு அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘உதயதாரகை’ நிலைத்தது, உதயாதித்தன் நிலைக்கவில்லை. தமிழ் புளூராக் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. திருவள்ளுவர், ஔவை, கம்பர் முதல் ஈழத்துப் புலவர் வரை ஏறத்தாழ 200 பேரின் வரலாறு அதில் உண்டு. காவலி வெங்கடராமசுவாமியின் தக்காணக் கவிஞர் நூலிலிருந்து எடுத்த கர்ணபரம்பரைக் கதைகள் பல அப்படியே கிடக்கின்றன. காலக்கணிப்பை நம்ப முடியாது. ஆனால் அதை அடியொற்றியே ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் தமிழில் எழுந்தது.

காசிச்செட்டி 1860 நவம்பர் 5இல் காலமானார். தமிழ் புளூராக் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளுடன் 1946இல் கொழும்பில் மறுபதிப்புக் கண்டது. கொழும்புச் செட்டிகள் இன்று குடிசன மதிப்பீட்டில் தனி இனமாகக் கணக்கிடப்படுகின்றனர். கற்பிட்டிக் கோட்டை கடற்படையின் பொறுப்பில் உள்ளது.