பெயர் முன்னே, படம் பின்னே: போர்னியோவின் வானவில் தேரை



காட்டில் ஓர் உயிரினத்தைப் பிடித்த நாளே அது கண்டுபிடிக்கப்பட்ட நாள் என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. போர்னியோவின் தேரை ஒன்றின் வரலாறு இதனை நன்கு உணர்த்தும்.

அத்தீவின் மேற்குப் பகுதியில் பிடிபட்ட மூன்று தேரைகள் அருங்காட்சியகப் புட்டிகளைச் சேர்ந்தன. 1924-க்குப் பின் அவ்வினத்தைக் காட்டில் கண்டவர் இலர். 1966-இல்தான் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியக அறிஞர் ராபர்ட் இங்கர் அதனைத் தனி இனமென விவரித்து, 'அன்சோனியா லாட்டிடிஸ்கா' எனப் பெயரிட்டார். முதற்சொல், 1870-இல் ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் பினாங்குத் தேரை ஒன்றை விவரித்தபோது, அங்குத் துணை ஆளுநராக இருந்த ஆன்சனின் நினைவாக அமைத்த பேரினப் பெயர். இரண்டாம் சொல்லுக்கு இலத்தீனில் 'அகன்ற வட்டு' என்பது பொருள்.

ஓர் இனத்தை விவரிப்பது பொறுமையான பணி. உடல் நீளம், விரல் நுனி, விரலிடைச் சவ்வு, தோலின் பருக்கள் என ஒவ்வொன்றையும் அளந்து, நெருங்கிய இனங்களோடு ஒப்பிட வேண்டும். ஓர் உடலை 'வகை மாதிரி'யாகக் குறித்துக் காக்கவும் வேண்டும். பின்வருவோரின் ஐயத்தைத் தீர்ப்பது அதுவே. ஆனால், புட்டியில் உடலின் நிறம் மங்கிவிடும். எனவே இத்தேரையின் உயிருள்ள தோற்றத்தைக் காட்டும் நிழற்படம் நெடுங்காலம் இருக்கவில்லை.

2010-இல், காணாமற்போன தவளை, தேரைகளைத் தேடும் உலகளாவிய முயற்சி தொடங்கிற்று. மலேசிய சரவாக் பல்கலைக்கழகப் பேராசிரியர் இந்திரனில் தாஸ் குழுவினர் பென்ரிசன் மலைத்தொடரில் பல மாதங்கள் இரவிரவாகத் தேடினர். தாழ்ந்த பகுதிகளில் கிட்டாமையால் மேலே ஏறினர். 2011-இல், மரத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒன்றைக் குழுவின் மாணவர் ஒருவர் கண்டார். ஆண், பெண், இளந்தேரை என மொத்தம் மூன்று கிடைத்தன. அவற்றின் நீளம் 30 முதல் 51 மில்லிமீட்டர். முதுகிலோ பச்சை, சிவப்பு, மஞ்சள் நிறப் பருக்கள்! 87 ஆண்டுகளுக்குப் பின் உலகம் அதன் நிறத்தைக் கண்டது. திருடர்க்கு அஞ்சி, சரியான இடத்தைக் குழுவினர் வெளியிடவில்லை.

இங்கர் எழுதிவைத்திராவிடில், எதைத் தேடுவதென்றே 2010-இல் எவர்க்கும் தெரிந்திராது. ஆகவே, பள்ளித் திடலில் ஒரு தேரையைக் காணும் பிள்ளைகளிடம், "நாள், இடம், அளவு, விரல், தோல் இவற்றைக் குறித்து வையுங்கள்" என்று சொல்வோம். அறிவியல் அங்கிருந்தே தொடங்குகிறது.